பொலீத்: சாலையில் ஓட்ட முடியாத கார்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'பொலீத்' என்ற சொல் புதிதல்ல. எரிந்துகொண்டே வானத்தைக் கிழித்துப் போகும் விண்கல்லுக்கு அது பெயர். பந்தயக் காரையும் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மணி அடித்ததும் வகுப்பைவிட்டுப் பாய்ந்து ஓடுகிற பையனைப் பார்த்து, "பொலீத் மாதிரி போகிறான் பார்" என்பார் எங்கள் ஆசிரியர். 2020-இல் புகாட்டி நிறுவனம் ஒரு காருக்கு இந்தப் பெயரையே வைத்தது. ஆங்கிலம் படித்த நண்பர்கள் 'போலைட்' என்கிறார்கள். நான் பழைய பள்ளி உச்சரிப்பையே வைத்துக்கொள்கிறேன்.

40 கார்கள் மட்டுமே என்று கணக்கு வைத்துச் செய்தார்கள். வரி நீங்கலாக விலை 40 லட்சம் யூரோ. அறிவித்தபோதைய மதிப்பில் நம் பணம் சுமார் 35 கோடி ரூபாய். இவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அதைச் சாலையில் ஓட்ட முடியாது. பந்தயத் தடத்துக்குள் மட்டும்தான் ஓட்டலாம். அப்படியென்றால் எதற்கு இப்படி ஒரு கார்? இதைச் சொல்ல நூறு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

புகாட்டியின் ஊர் மொல்சைம், அல்சாஸ் பகுதியில் உள்ளது. அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய 'கடைசி வகுப்பு' கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பகுதி நினைவிருக்கும். 1871-இல் ஜெர்மனியிடம் போய், முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சிடம் திரும்பிய மண் அது. இத்தாலியின் மிலான் நகரில் பிறந்த எத்தோரே புகாட்டி 1909-இல் அங்கே தொழிற்சாலை தொடங்கியபோது அது ஜெர்மனியில் இருந்தது.

அவருடைய புகழ்பெற்ற வண்டி டைப் 35. எட்டு சிலிண்டர், இரண்டு லிட்டர் எஞ்சின், சுமார் 90 குதிரைசக்தி, எடை 750 கிலோ அளவுதான். சக்கரங்களை அலுமினியத்தில் வார்த்து, பிரேக் டிரம்மையும் அதோடு சேர்த்தே வார்த்திருந்தார். எடை குறைந்தது, சக்கரத்தைக் கழற்றினாலே பிரேக் கட்டை கண்ணுக்குத் தெரியும், தேய்ந்திருந்தால் உடனே மாற்றலாம். ஆனால் 1924 ஆகஸ்டில் லியோனில் நடந்த கிராண்ட் ப்ரீ பந்தயத்தில், முதல் முறையாக ஐந்து வண்டிகளை இறக்கியபோது, டயர்களின் மேற்பகுதி உரிந்துபோய் மானம் போயிற்று. ஆல்ஃபா ரோமியோ வென்றது. அடுத்த ஆண்டிலிருந்து கதை மாறியது. சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து முறையும் புகாட்டியே வென்றது. 1929-இல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் ப்ரீயும் அதற்குத்தான்.

இதில் நான் கவனித்தது ஒன்று. டைப் 35-ஐப் பணமுள்ள எவரும் வாங்கலாம். மட்கார்டும் விளக்கும் மாட்டிச் சாலையில் ஓட்டலாம். அவற்றைக் கழற்றிவிட்டுப் பந்தயத்துக்கும் போகலாம். சாலைக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்ற பிரிவினை அன்று அவ்வளவாக இல்லை.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1939 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை விமில், பியேர் வேய்ரோன் இருவரும் ஒரு புகாட்டியில் வென்றார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 11 இரவு, எத்தோரேயின் மகன் ழான் அதே வண்டியை மொல்சைமுக்குப் பக்கத்தில் சாலையில் ஓட்டிப் பார்த்தார். எதிரே ஒருவர் சைக்கிளில் வந்துவிட்டார். அவர்மேல் ஏற்றாமல் ஒதுக்கப்போய் மரத்தில் மோதி ழான் இறந்தார். வயது 30. தொழிலின் அடுத்த வாரிசு அவர்தான். 1947-இல் எத்தோரேயும் போனார். பிறகு நிறுவனம் தேய்ந்தது, நடுவில் இத்தாலியில் ஒருமுறை உயிர்பெற்றுத் திவாலானது. 1998-இல் ஃபோக்ஸ்வாகன் அந்தப் பெயரை வாங்கியது.

ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியேக், அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானின் புல்லட் ரயிலில் போகும்போது ஒரு கடித உறையின் பின்புறம் 18 சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கிறுக்கினாராம். (எங்கள் அலுவலகத்தில் உறையின் பின்புறம் எழுதினால் மேலதிகாரி குறிப்பாணை கொடுப்பார்.) கடைசியில் அது 16 சிலிண்டர், 8 லிட்டர், நான்கு டர்போ என்று முடிந்தது. அலுவலகத்தில் நாங்கள் ஏறிய அம்பாசிடர் எஞ்சினைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கொள்ளளவு. 2005-இல் வந்த வேய்ரோன் காரில் இந்த எஞ்சின் 1001 குதிரைசக்தி கொடுத்தது. லெ மானில் வென்ற அதே வேய்ரோனின் பெயர்தான் காருக்கும். ஆனால் அது சொகுசுக் கார், எடை இரண்டு டன்னை நெருங்கும்.

இந்த எஞ்சினைச் சுற்றி முடிந்த அளவு எடை குறைந்த வண்டி ஒன்றைச் செய்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வியில் பிறந்ததுதான் பொலீத். விற்பனைக்கு வந்த வண்டி 1,600 குதிரைசக்தி, 1,450 கிலோ. உடல்கூடு கார்பன் இழையால் ஆனது. பந்தய வண்டிகள் செய்து பழகிய இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்தது. லெ மான் வண்டிகளுக்கு விதித்த பாதுகாப்பு அளவுகளை ஒட்டிச் செய்திருக்கிறார்கள். ஓட்டுபவரை ஆறு முனை வார்ப்பட்டையால் கட்டிவிடுவார்கள்.

பிரேக் தட்டும் கார்பன்தான். கன்கோர்ட் விமானத்தில் பயன்பட்டு, பிறகு பந்தயக் கார்களுக்கு வந்த முறை இது. எடை குறைவு, கொதிக்கக் கொதிக்கப் பிடிக்கும். ஆனால் ஆறியிருக்கும்போது சரியாகப் பிடிக்காது. நம் தெருவில் குறுக்கே மாடு வந்தால், பிரேக் சூடாகட்டும் என்று காத்திருக்க முடியுமா? டயரும் அப்படித்தான். வழுவழுப்பான டயர், வரிப்பள்ளம் கிடையாது. காய்ந்த தடத்தில் பசைபோல் ஒட்டும், மழைநீரில் வழுக்கும். இந்தக் கார் சாலைக்கு ஆகாது என்பது வெறும் சட்டப் பிரச்சினை அல்ல.

2020-இல் காட்டிய மாதிரி வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது கூரைமேல் இருந்த காற்றுக் குழாய். மெதுவாகப் போகும்போது அதன் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். வேகம் பிடித்ததும் 60 சிறு கொப்புளங்கள் 10 மில்லிமீட்டர் வரை புடைத்தெழும். கோல்ஃப் பந்தில் இருக்கும் குழிகளைப்போல இவை காற்றை ஒட்டியே ஓடவைக்கும். அதனால் அந்தக் குழாயின் காற்றுத் தடை 10 சதவீதம் குறைகிறது என்றார்கள். பின்னால் இருக்கும் இறக்கை விமான இறக்கையைத் தலைகீழாக வைத்தது போல, 320 கி.மீ. வேகத்தில் 1,800 கிலோ அழுத்தத்தோடு வண்டியைத் தரையில் அமுக்கும்.

எல்லாம் சரி, இது எந்தப் பந்தயத்தில் ஓடியது? எதிலும் இல்லை. அறிமுகத்தின்போது லெ மான் தடத்தை 3 நிமிடம் 7.1 விநாடியில் சுற்றும், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கை 5 நிமிடம் 23.1 விநாடியில் சுற்றும் என்று அறிவித்தார்கள். இரண்டும் கணினியில் போட்ட கணக்கு. கோப்பிலேயே முடிந்துபோன பாலங்களை நான் உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். லியோனில் டயர் உரிந்து ஊர் முன்னால் தோற்ற டைப் 35 மேல் எனக்கு மதிப்பு அதிகம். தோற்றதால்தான் அடுத்த ஆண்டு வென்றது.

ஆனாலும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. ழானின் கதையை நினைத்தால், இவ்வளவு வேகத்தைச் சாலையிலிருந்து பிரித்து வேலிக்குள் வைத்தது நல்லதென்றே படுகிறது. அந்த 16 சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கும் இது கடைசிக் காலம். 2024-இல் அறிவித்த டூர்பியோன் காருக்கு டர்போ இல்லாத வேறு எஞ்சின், கூடவே மின்மோட்டார்.

பொலீத்தும் மொல்சைமில்தான் பூட்டப்பட்டது. ழான் இரவில் வண்டியை ஓட்டிப் பார்த்த அந்தப் பக்கத்துச் சாலைகளில் இது சக்கரம் பதிக்க முடியாது. வாசலில் லாரியில் ஏற்றித்தான் அனுப்பவேண்டியிருந்தது.