தசைநாண் கட்டியைக் கண்டறிந்த வரலாறு

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். விரலை மடக்கவும் நீட்டவும் துணைபுரிவது அதுவே. அந்நாண் உராயாமல் ஓடுவதற்கென அமைந்த உறையில் சிலருக்குக் கட்டி தோன்றுவதுண்டு. மெல்ல வளரும் அக்கட்டியின் இயல்பை அறிய மருத்துவ உலகிற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1852இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் சசெஞாக் இதனை விவரித்துத் தசைநாண் உறையின் புற்று எனப் பெயரிட்டார். புற்று என்னும் சொல்லைக் கேட்ட நோயாளிக்கு அமைதி ஏது? 1941இல் அமெரிக்க அறிஞர் ஜாஃபி, லிக்டென்ஸ்டீன், சுட்ரோ ஆகிய மூவரும் திசுக்களை ஆராய்ந்து, மூட்டிலும் நாணுறையிலும் தோன்றும் இவை ஓரினத்தவை என்றும், அழற்சியின் விளைவு என்றும் கருதினர். 2006இல் வெளிவந்த மரபணு ஆய்வோ இது அழற்சியன்று, மெய்யான கட்டியே எனக் காட்டியது. ஆயினும் பெரும்பாலும் இது புற்றன்று. பரவி வளரும் வகை மட்டும் மூட்டைக் கெடுக்கும். அகற்றிய பின்னும் மீண்டும் தலைகாட்டும்.

அறுக்குமுன் இதனை அறிவது எங்ஙனம்? 1895இல் ரோண்ட்கன் கண்ட எக்ஸ்-கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டிற்று; தசை, நாண், கட்டி ஆகியவற்றையோ பிரித்துக் காட்ட இயலவில்லை.

வழி பிறந்தது பௌதிகத்திலிருந்து. காந்தப் புலத்தில் அணுக்கருக்கள் வானொலி அலைக்கு விடையளிப்பதை 1946இல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்டறிந்து, 1952இல் நோபல் பரிசு பெற்றனர். எலியின் கட்டித் திசு தரும் விடை நல்ல திசுவினின்றும் வேறுபடுவதை 1971இல் டமேடியன் காட்டினார். 1973இல் லாட்டர்பர் அவ்விடையைப் படமாக்கும் முறை கண்டார். மேன்ஸ்ஃபீல்டு அதனை விரைவுபடுத்தினார். 1977இல் டமேடியன் குழுவினர் ஒரு மனிதரின் மார்பைப் படமெடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடித்தது. 2003ஆம் ஆண்டின் நோபல் பரிசு லாட்டர்பர், மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கே வழங்கப்பட்டது. டமேடியன் விடுபட்டது பெரும் வாதத்துக்கு இடமாயிற்று.

இப்படம் பேசும் மொழி நீரின் மொழி. நாணின் நாரிழைகளுக்குள் நீர் இறுகப் பிணைந்திருப்பதால் அதன் விடை நொடியில் மறையும்; நாண் கருமையாகத் தோன்றும். சூழ்ந்துள்ள கொழுப்பு வெண்மையாக ஒளிரும். நீர் நிறைந்த கொப்புளமும் ஒருவகைப் படத்தில் ஒளிரும். நாணுறைக் கட்டியிலோ அடிக்கடி இரத்தம் கசிந்து இரும்புச்சத்து படியும். இரும்பு காந்தப் புலத்தைக் குலைப்பதால், ஒளிரவேண்டிய படத்திலும் கட்டி பெரும்பாலும் கருத்தே நிற்கும். சசெஞாக் காணவியலாத அடையாளம் இதுவே.

எனினும் படமே முடிவன்று. நாண்களின் அருகில் தோன்றும் சைனோவியல் சார்க்கோமா என்பது மெய்யான புற்று. அதுவும் மெல்ல வளர்ந்து, தீங்கற்றது போல் மயக்கும். அதனை எளிய கட்டியென எண்ணி அரைகுறையாக அகற்றினால், எஞ்சிய புற்றுத் திசு மீண்டும் வளரும். எளிய கட்டியைப் புற்றென அஞ்சினால் விரலையே இழக்க நேரிடும். ஆகவே கத்திக்கு வழிகாட்டுவது படம். ஐயமுள்ள கட்டியின் இனத்தை உறுதிசெய்வது, சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் காணும் சோதனையே.