கறுப்பு உடையும் வெள்ளைச் சுறாவும்: வட கலிஃபோர்னியாவின் குளிர்நீர் அலைச்சறுக்கு

வட கலிஃபோர்னியாவின் கடல்நீர் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருக்கும். சான் பிரான்சிஸ்கோவிலும், அதற்குத் தெற்கே சான்டா குரூஸ், மான்டெரே கரைகளிலும் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ்தான். கரையில் வெயில் ஏறத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் நீர் இன்னும் குளிரும். வசந்த காலத்தில் வடமேற்கிலிருந்து கரையை ஒட்டி வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரை ஆழ்கடல் பக்கம் ஒதுக்கிவிட, அந்த இடத்துக்கு அடிநீர் எழுந்து வருவதே காரணம். அடிநீர் குளிரோடு உரச்சத்தையும் கொண்டு வருகிறது. அதில் மிதவை உயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன நெத்திலியும் மத்தியும் கூடுகின்றன. மீனைத் தேடிக் கடற்சிங்கங்களும் சீல் எனப்படும் கடல்நாய்களும் வருகின்றன. அவற்றைத் தேடி வெள்ளைச் சுறா வருகிறது. இந்தக் கரையில் அலைச்சறுக்கு வேரூன்றிய வரலாற்றையும் சுறா அச்சத்தின் வரலாற்றையும் தனித்தனியே சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குளிர்நீரில் பிறந்தவை.

அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு நடந்ததற்குக் கிடைக்கும் முதல் பதிவு சான்டா குரூஸைச் சேர்ந்தது. 1885 ஜூலையில் டேவிட் கவானனகோவா, எட்வர்ட் கெலியாஹோனுய், ஜோனா கூஹியோ கலானியனாவோலே என்ற மூன்று ஹவாய் இளவரசர்கள் அங்கே சான் லோரென்சோ ஆற்று முகத்துவாரத்தில் பலகைமீது நின்று அலையேறினார்கள். மூவரும் ராணி கபியோலானியின் சகோதரி பிள்ளைகள். சான் மாட்டேயோவில் பள்ளிப் படிப்புக்காக வந்திருந்தவர்கள். பலகைகளை உள்ளூர் ரெட்வுட் மரத்தில் அறுத்துச் செய்துகொண்டார்கள். நீளம் 15 அடிக்கும் மேல். ஹோனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டு பழைய பலகைகள் அவர்களுடையவை என்று கருதப்படுகின்றன. ரெட்வுட் மரம் மழையில்லாத கோடையைக் கடற்கரை மூடுபனியின் துணையோடு கடக்கிறது. அந்த மூடுபனி, ஈரக்காற்று குளிர்ந்த கடல்மீது படுவதால் உண்டாவது. அவர்கள் நின்ற மரத்தை வளர்த்ததிலும் இந்தக் குளிர்நீருக்குப் பங்கு உண்டு.

இளவரசர்கள் போன பிறகு பல ஆண்டுகள் வடகரையில் இந்தக் கலை பெரிதாகப் பரவவில்லை. 1907இல் ஹவாயிலிருந்து ஜார்ஜ் ஃப்ரீத் வந்து செய்துகாட்டியது தென் கலிஃபோர்னியாவில்; அங்கே நீர் ஓரளவு தாங்கக்கூடியது. வடக்கே சான்டா குரூஸ் அலைச்சறுக்குக் கழகம் 1936இல்தான் அமைந்தது. அதன் இளைஞர்களுக்குக் குளிருக்கு எதிராக இருந்தவை கம்பளி ஸ்வெட்டரும் கரையில் மூட்டிய நெருப்பும். நனைந்த கம்பளி சில நிமிடங்களே உதவும், பிறகு சுமையாகிவிடும். நீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்துகிறது. 12 டிகிரி நீரில் வெற்றுடம்போடு இருப்பவருக்கு முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு கை சொன்னபடி துடுப்பிடாது. அடுத்த அலைக்கு எழுந்து நிற்கக் காலில் வலுவிருக்காது. நல்ல அலை வந்துகொண்டிருக்கும்போதே கரையேறி நெருப்பருகில் நடுங்குவதுதான் அந்தத் தலைமுறையின் அலைச்சறுக்கு.

இதை மாற்றியது அலையேறத் தெரிந்த ஒருவரின் யோசனை அல்ல. ஹியூ பிராட்னர் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றியவர். 1951 வாக்கில் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களைக் குளிரிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அதுவரை எல்லாரும் உடம்பில் நீர் படாமல் அடைக்கவே முயன்றார்கள். சிறு கிழிசல் விழுந்தாலும் அந்த உடை பயனற்றது. சூட்டைக் காப்பது உலர்ந்த தோல் அல்ல, துணிக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள் என்பதை பிராட்னர் கண்டார். உடலுக்கும் உடைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் புகுந்தாலும் பாதகமில்லை. உடல் அதைச் சூடாக்கிவிடும், குமிழிகள் அந்தச் சூட்டை வெளியே விடாது. இதற்கு நுரைத்த நியோப்ரீன் ரப்பர் பொருந்தும் என்று சொன்னவர் அவருடைய நண்பர் வில்லர்ட் பாஸ்கம். உடை வேலை செய்தது. ஆனால் குமிழிகள் நிறைந்த உடையை எதிரியின் சோனார் கண்டுகொள்ளுமோ என்று கடற்படை தயங்கியது. காப்புரிமையும் எடுக்கப்படவில்லை. அதனால் அந்த அறிவு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொதுச்சொத்தானது. பின்னாளில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பலர் உரிமை கொண்டாடினார்கள். 1951 ஜூனில் எழுதப்பட்ட, அடிப்படைக் கருத்தை விளக்கும் கடிதம் ஒன்று பிராட்னர் பக்கம் தெளிவாக நிற்கிறது.

'வெட்சூட்' என்று பெயர்பெற்ற அந்த உடையை அலைச்சறுக்கின் சீருடையாக ஆக்கிய பெருமை ஜாக் ஓநீலுக்கு உரியது. 1923இல் பிறந்த அவர், 1952இல் சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச் எதிரே சிறு கடை திறந்தார். முதலில் பிளாஸ்டிக் நுரையில் கைவைக்காத மேலங்கி தைத்து விற்றார். பிறகு நியோப்ரீனுக்கு மாறினார். தெற்கே ரெடோண்டோ பீச்சில் மெய்ஸ்ட்ரல் சகோதரர்கள் முக்குளிப்போருக்காக அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1959இல் ஓநீல் கடையைச் சான்டா குரூஸுக்கு மாற்றினார். பொருட்காட்சிகளில் பனிக்கட்டி மிதக்கும் தொட்டியில் தம் பிள்ளைகளையே வெட்சூட் அணிவித்து இறக்கி, உடையின் திறத்தைக் காட்டினார்.

தொடக்கக்கால வெட்சூட்டை அணிவது எளிதல்ல. உள்ளே துணி இல்லாத வெறும் ரப்பர் தோலில் ஒட்டிக்கொள்ளும். முகப்பவுடரையோ சோளமாவையோ உடம்பெல்லாம் பூசிக்கொண்டுதான் கையை நுழைக்க வேண்டும். அவசரப்பட்டு நகம் பட்டால் ரப்பர் கிழியும். அக்குளிலும் கழுத்திலும் உரசிப் புண்ணாகும். ரப்பரின்மேல் நைலான் துணி ஒட்டத் தொடங்கிய பிறகே உடை வழுக்கிக்கொண்டு ஏறியது, தையலும் நிலைத்தது. பின்னர் மூட்டுகளைப் பசையிட்டு, ஊசி மறுபக்கம் துளைக்காதபடி தைக்கும் முறை வந்ததும் ஒழுக்கு நின்றது. இன்று இக்கரையில் உடலுக்கு 4, கைகால்களுக்கு 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடை சாதாரணம். குளிர் மிகுந்தால் காலுறையும் தலைமூடியும் சேரும்.

கால்கயிறு இன்னொரு பெரிய மாற்றம். அதற்குமுன் விழுந்தவர் பலகையைத் தேடிப் பாறைவரை குளிர்நீரில் நீந்த வேண்டும். ஓநீலின் மகன் பாட் 1970களின் தொடக்கத்தில் ரப்பர்க் குழாயால் பலகையைக் கட்டும் முறையைப் பரப்பினார். அந்தக் குழாய் அதிகமாக நீளும். 1971இல் அது இழுத்து விட்ட பலகை தந்தையின் இடக்கண்ணைப் பறித்தது. அதன்பிறகு அவர் அணிந்த கறுப்புக் கண்மூடி நிறுவனத்தின் அடையாளமாகவே ஆனது. 2017இல் 94 வயதில் இறக்கும்வரை அவர் சான்டா குரூஸ் கரையிலேயே வாழ்ந்தார்.

வெட்சூட் வந்ததால் இருபது நிமிட விளையாட்டு மூன்று மணி நேரமாக நீண்டது. மூன்று மாதப் பருவம் பன்னிரண்டு மாதமாக விரிந்தது. மனிதர்கள் இப்படிக் கடலில் நிலைகொண்ட அதே பத்தாண்டுகளில், துரத்தப்பட்ட வேறொரு கூட்டமும் அந்தக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே சுமார் 43 கிலோமீட்டரில் ஃபாரலான் தீவுகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய வேட்டைக்காரர்கள் அங்கே ரோமத்துக்காகக் கடல்நாய்களைக் கொன்று குவித்தார்கள். யானைச்சீல்கள் எண்ணெய்க்காக அழிக்கப்பட்டன. நூற்றாண்டு முடிவில் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் மிகச் சிலவே எஞ்சின. மெக்சிகோ 1922இல் அவற்றைக் காத்தது. 1955இல் அவை சான்டா குரூஸுக்கு வடக்கே ஆன்யோ நுவேவோ தீவில் மறுபடி தென்பட்டன. 1961இல் அங்கே முதல் குட்டி பிறந்தது. 1972இல் ஃபாரலானிலும் குட்டி ஈன்றன. அதே ஆண்டு அமெரிக்காவின் கடற்பாலூட்டி பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பின்னர் மொத்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரு வேட்டையின் கொடுமை இவ்வளவு முழுமையாகச் சரிசெய்யப்பட்டது கடல் வரலாற்றில் அபூர்வம்.

இரை திரும்பிய இடத்தில் வேட்டையாடியும் நிலைத்தது. குளிர்நீரில் வெள்ளைச் சுறா தளர்வதில்லை. தசைகளில் பின்னலாக ஓடும் இரத்தக்குழாய்கள் வெப்பத்தை உள்ளேயே திருப்பிவிடுவதால் அதன் உடல் சுற்றுநீரைவிடச் சூடாக இருக்கும். மேலே மிதக்கும் சீலின் நிழலுருவை ஆழத்திலிருந்து பார்த்து, செங்குத்தாகப் பாய்ந்து ஒரு கடி கடித்து, இரை இரத்தமிழக்கும்வரை விலகியிருப்பது அதன் வழக்கம். பெரிய சுறாக்கள் ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை கரையோரம் தங்குகின்றன. இலையுதிர்காலத்தில்தான் காற்று அடங்கி, நீர் சற்றே சூடேறி, வடபசிபிக்கின் முதல் நல்ல அலைகள் வருகின்றன. சறுக்கு வீரர்கள் ஆண்டு முழுக்க எதிர்பார்க்கும் வாரங்களும் சுறா உச்சமாக வேட்டையாடும் வாரங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

1952 டிசம்பரில் பசிபிக் குரோவ் ஊரின் லவ்வர்ஸ் பாயிண்ட் அருகே 17 வயது நீச்சல்காரர் ஒருவரைச் சுறா கொன்றது. 1959 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் பீச்சில் 18 வயது மாணவர் தாக்கப்பட்டார். உடன் நீந்திய தோழி கரைக்கு ஓடவில்லை. அவரிடம் நீந்திப்போய் இழுத்து வந்தார், ஆனாலும் உயிர் தங்கவில்லை. அந்தப் பெண்ணின் துணிவு இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத பக்கம். 1981 டிசம்பரில் மான்டெரே அருகே ஸ்பானிஷ் பே கரையில் முதலில் ஒதுங்கியது ஒரு பலகை. அதன் விளிம்பில் அரைவட்டமாக ஒரு பகுதி இல்லை. உரியவரின் உடல் சில நாள் கழித்தே கிடைத்தது. பலகையில் அலையேறியவர் ஒருவர் கலிஃபோர்னியாவில் சுறாவால் இறந்ததாக உறுதியான முதல் நிகழ்வு அதுதான். மான்டெரே, ஃபாரலான், பொடேகா விரிகுடா ஆகியவற்றை இணைக்கும் கடற்பரப்புக்குச் 'சிவப்பு முக்கோணம்' என்ற பெயரும் நிலைத்தது.

சுறா ஏன் மனிதரைக் கடிக்கிறது என்ற கேள்விக்கு 1980களில் சுறா ஆய்வாளர் ஜான் மெக்காஸ்கர் முன்வைத்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. 1960களின் இறுதியில் பலகைகள் குட்டையாகிவிட்டன. அவற்றின்மேல் படுத்துக் கைகால்களை வெளியே விட்டிருப்பவர், கீழிருந்து பார்க்கும் சுறாவுக்குச் சீல் போலவே தெரிவார் என்பது அது. கறுப்பு உடை அந்த ஒப்புமையை வலுப்படுத்துவதாகவும் பலர் கருதினார்கள். வேறு சிலர், சுறா தெரியாத பொருளை வாயால் சோதிக்கிறது, கொழுப்பு குறைந்த உடம்பை விட்டுவிடுகிறது என்றார்கள். 2021இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழக ஆய்வு, இளம் வெள்ளைச் சுறாவின் கண்ணுக்கு நீந்துபவர், பலகைமீது துடுப்பிடுபவர், சீல் மூன்றும் பிரித்தறிய முடியாதவை என்று காட்டியது. கண் நிறத்தைக் காணாததால் உடை எந்த நிறம் என்பது பெரிதல்ல, நிழலுருதான் முக்கியம்.

1975இல் 'ஜாஸ்' படம் வந்தபின் சுறாவைக் கொல்வது வீரமாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. இருந்தும் கலிஃபோர்னியா 1994 முதல் வெள்ளைச் சுறாவைப் பிடிக்கத் தடை விதித்தது. தாக்குதல்களைக் கண்ட மாநிலமே அந்த விலங்கைக் காக்க முன்வந்தது பெருமைக்குரிய முடிவு. பசிபிக் குரோவில் உள்ள ஸ்டான்ஃபோர்டின் ஹாப்கின்ஸ் நிலையத்தார் சுறாக்களில் பொருத்திய கருவிகள், அவை குளிர்காலம் கழிந்ததும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே நடுக்கடலுக்குப் போய், மீண்டும் அதே கரைகளுக்குத் திரும்புவதைக் காட்டின. நடுக் கலிஃபோர்னியாவில் பெரிய சுறாக்கள் 219 என்று 2011இல் வந்த ஆய்வும், ஏறத்தாழ 300 என்று பத்தாண்டு கழித்து வந்த ஆய்வும் மதிப்பிட்டன.

சுறா பெருகினால் ஆபத்தும் பெருகும் என்று தோன்றும். 2015இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது. 1950இல் சுமார் 7,000 ஆக இருந்த கலிஃபோர்னிய அலைச்சறுக்காளர்கள் 2013இல் 8,72,000 ஆனார்கள். தாக்குதல்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் உயரவில்லை. எனவே தனியொருவருக்கான ஆபத்து அந்தக் காலத்தில் 91 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சீல்கள் பெருகியதால் சுறாக்கள் தீவுகளை ஒட்டியே அதிகம் தங்குவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மாதமும் இடமும் பெரிய வேறுபாடு செய்கின்றன: மென்டசினோ கரையில் அக்டோபர், நவம்பரைவிட மார்ச்சில் ஆபத்து சுமார் 25 மடங்கு குறைவு. 1950 முதல் மாநிலத்தில் பதிவான சுறா நிகழ்வுகள் 200ஐத் தாண்டினாலும், இறந்தவர்கள் 20 பேருக்கும் குறைவே. அவர்கள் அனைவரையும் தாக்கியது வெள்ளைச் சுறா.

2014 முதல் 2016 வரை வடபசிபிக்கில் நிலவிய கடல் வெப்ப அலை இந்தப் பழைய ஒழுங்கைக் குலைத்தது. குட்டிச் சுறாக்கள் அதுவரை தெற்கின் சூடான நீரிலேயே வளர்ந்தன. வெப்ப அலைக்குப்பின் அவை மான்டெரே விரிகுடாவுக்கு வந்து, ஆப்டோஸ் அருகே முதல் உலகப் போர்க்காலக் கான்கிரீட் கப்பலான பாலோ ஆல்டோ கிடக்கும் ஆழமற்ற நீரில் கூடத் தொடங்கின. இவை மீனும் திருக்கையும் தின்பவை. மனிதர்களை நெருங்கினாலும் பெரும்பாலும் கவனிக்காமல் போய்விடும். தென் கலிஃபோர்னியாவில் இத்தகைய குட்டிகள் கூடும் இரு இடங்களை ட்ரோனால் கண்காணித்தபோது, 97 விழுக்காடு நாட்களில் சுறாக்களும் மனிதர்களும் அருகருகே இருந்தது தெரியவந்தது.

பெரிய சுறாவின் ஆபத்து விலகிவிடவில்லை. 2020 மே மாதம் மான்ரேசா கரையில் ஓர் அலைச்சறுக்கு வீரரும், 2021 டிசம்பரில் மாரோ பேயில் ஒருவரும் உயிரிழந்தார்கள். 2022 ஜூனில் லவ்வர்ஸ் பாயிண்டில் கடிபட்ட நீச்சல்காரரை அருகில் இருந்தவர்கள் பலகைகளோடு போய்க் கரைசேர்த்து, இரத்தம் வழியாமல் கட்டிக் காப்பாற்றினார்கள். சுறாக் கடியில் உயிர் போவது பெரும்பாலும் இரத்தப்போக்கால். அதனால் இரத்தம் நிறுத்தும் கட்டுப்பட்டையை உடன் கொண்டுசெல்லும் பழக்கமும், அதைக் கட்டும் பயிற்சியும் இக்கரையில் பரவிவருகின்றன. தாக்குதல் உறுதியானால் நிர்வாகம் சில நாட்களுக்குக் கடலில் இறங்கத் தடை விதித்து எச்சரிக்கைப் பலகை நடுகிறது. கெடு முடிந்ததும் கரை மீண்டும் திறக்கப்படுகிறது.