ரைபோசோம்

ரைபோசோம் என்பது உயிரணுக்களில் புரதங்களை உருவாக்கும் நுண்ணுறுப்பு ஆகும். இது ஆர்.என்.ஏ.யாலும் புரதங்களாலும் ஆனது. பெரியதும் சிறியதுமான இரு துணையலகுகளைக் கொண்டது.

டி.என்.ஏ.யிலிருந்து படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ.யின் குறியீடு, சிறிய அலகில் மும்மூன்று எழுத்துக்களாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் உரிய அமினோ அமிலத்தை இடமாற்று ஆர்.என்.ஏ. கொண்டுவருகிறது. பெரிய அலகு அவற்றைச் சங்கிலியாக இணைக்கிறது. இவ்விணைப்பை ஏற்படுத்துவது புரத நொதியன்று, ரைபோசோமின் ஆர்.என்.ஏ.யே ஆகும்.

பாக்டீரியாக்களின் ரைபோசோம் மனித உயிரணுக்களின் குழியமுதலுருவில் உள்ள ரைபோசோமிலிருந்து அமைப்பில் வேறுபடுகிறது. இதனாலேயே எரித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் மனித உயிரணுக்களின் புரத உருவாக்கத்தைப் பெரிதும் பாதிக்காமல் பாக்டீரியாக்களின் புரத உருவாக்கத்தைக் குலைக்கின்றன.

ரைபோசோமின் கட்டமைப்பையும் செயற்பாட்டையும் ஆராய்ந்தமைக்காக அடா யோனத், தாமஸ் ஸ்டைட்ஸ், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆகிய மூவருக்கும் 2009 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.