நீரில் மாண்டோர் கேட்கும் நீதி

கோவையின் வடபால், குருடிமலைச் சாரலை அடுத்துள்ள நம் துடியலூர், கிணறுகளை நம்பி வாழ்ந்த ஊர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. குருடிமலையில் தோன்றி நொய்யலிற் சேரும் கௌசிகா நதியும் மழை பொழிந்தால் மட்டுமே நீர் காண்பது. ஆகவே பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டி நீரிறைத்தே நம் முன்னோர் வெள்ளாமை செய்தனர். அக்கிணறுகள் சோறும் இட்டன, உயிரும் கொண்டன. "உச்சிப் பொழுதில் கிணற்றை எட்டிப் பார்க்காதே, அது காவு கேட்கும்" என்று அதட்டிய பாட்டிமாரை இம்மலரைப் படிக்கும் அன்பர் பலரும் அறிவர்.

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டு மக்களிடையே நீர்ப்பேய் பற்றிய நம்பிக்கை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. நீரில் மூழ்கி மாண்டவரின் ஆவி மறுபிறப்பு எய்தாமல் அந்நீரிலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். வேறொருவரை உள்ளே இழுத்துத் தன் இடத்தில் நிறுத்தினால்தான் அதற்கு விடுதலை என்பது அந்நம்பிக்கையின் சாரம். சீன மரபைத் தழுவி இன்று எழுதப்படும் மாயக்கதைகள் பலவற்றிலும் பழிவாங்கும் இப்பேய் தவறாமல் தலைகாட்டுகிறது.

ஆயினும் அந்நாட்டின் சிறந்த கதைஞர் ஒருவர் இதனை வேறு விதமாக நோக்கினார். பூ சோங்லிங் (1640–1715) தொகுத்த வியப்புக் கதைகளுள் ஒன்றில், மீனவன் ஒருவன் நாள்தோறும் ஆற்றங்கரையில் மாண்டோர்க்கெனச் சிறிது மது வார்க்கிறான். இளைஞன் ஒருவன் வந்து அவனோடு நட்புக் கொள்கிறான். பின்னர், தான் மூழ்கி இறந்தவன் என்றும், தனக்குப் பதிலாள் மறுநாள் வருவதாகவும் கூறுகிறான். வந்தவளோ கைக்குழந்தையோடு ஒரு தாய். அவள் நீரில் விழ, கரையில் கிடந்த குழந்தை கதறுகிறது. ஓருயிருக்காக ஈருயிரை அழிப்பதா என்று ஆவி அவளை விட்டுவிடுகிறது. அவ்விரக்கத்தின் பயனாக அவன் ஓர் ஊரின் காவல் தெய்வமாகிறான்.

தமிழகத்தில் நீரும் சாவும் தெய்வமும் இணைந்த வரலாறு இதனின்று மாறுபட்டது. நம் பழம்பாடல்களில் நீரில் மாண்டோர் பழி தேடி அலையவில்லை. உயிரோடு இருப்போரே மாண்டோரைத் தேடி அலைந்தனர். கழார் என்னும் துறையில் புனலாடிய ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோயிற்று. அவன் மனைவி ஆதிமந்தி ஊர்தோறும் தேடிப் புலம்பியதைப் பரணர் அகநானூற்றில் பாடினார். ஆதிமந்தியார் பெயரிலேயே குறுந்தொகையில் ஒரு பாடல் உண்டு. அத்தியை அவளுக்குக் காட்டிவிட்டுத் தான் கடலில் புகுந்து மறைந்தாள் மருதி என்னும் மற்றொருத்தி. அவளுக்கு உரிய புகழைப் பரணர் மறவாது பதிவு செய்தமையால் அப்பெயர் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் கடந்து நம்மிடம் நிற்கிறது.

அதே பரணர் பாடிய மற்றொரு செய்தியே கொங்கு நாட்டார் நெஞ்சை உறுத்த வேண்டுவது. நீராடச் சென்ற பெண்ணொருத்தி, ஆறு கொணர்ந்த பசுங்காயை எடுத்துத் தின்றாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். 81 யானைகளும் அவள் எடைக்கு எடை பொற்பாவையும் தருவதாகத் தந்தை வேண்டியும் கேளாது நன்னன் அவளைக் கொல்வித்தான். அவனைப் போல மீளா நரகம் புகுக என்று பாடல் அன்னையைச் சபிக்கிறது. பின்னர்க் கோசர் சூழ்ச்சியால் அம்மாமரத்தையே வெட்டி வீழ்த்திய செய்தியையும் குறுந்தொகை கூறுகிறது.

பொள்ளாச்சியை அடுத்த ஆனைமலையில் பள்ளிகொண்ட கோலத்தில் விளங்கும் மாசாணியம்மன் அப்பெண்ணே என்பது மக்கள் வழக்கு. நன்னன் ஆட்சிக்குரியதெனப் பாடல்கள் பெரிதும் சுட்டுவது மேலைக் கரையின் ஏழில்மலைப் பகுதியையே. ஆதலின் இவ்விணைப்பை வரலாற்று முடிபாகக் கொள்ள இயலாது. ஆனால் மக்கள் இவ்விணைப்பைச் செய்தார்கள் என்பதே ஒரு வரலாற்று உண்மையன்றோ! பொருளைப் பறிகொடுத்தவரும், வஞ்சிக்கப்பட்டவரும், வழக்காட வழியற்றவரும் அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகின்றனர். நீதி மறுக்கப்பட்டு மாண்டவளிடமே மக்கள் நீதி கேட்டு நிற்கின்றனர். சீனக் கதையின் இளைஞன் இரக்கத்தால் தெய்வமானான்; நம் நிலத்துப் பெண்ணோ இழைக்கப்பட்ட கொடுமையால் தெய்வமானாள்.

தென்பாண்டிச் சீமையின் நல்லதங்காள் கதையும் இவ்வழியினதே. பஞ்சத்தால் பிள்ளைகள் எழுவரோடு தாய்வீடு வந்தவளை அண்ணி மூளி அலங்காரி பட்டினியால் வதைத்தாள். எழுவரையும் கிணற்றில் தள்ளித் தானும் பாய்ந்து மாண்டாள் நல்லதங்காள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் இன்று அவளுக்குக் கோயில் உண்டு. வடமாவட்டங்களிலோ, இளமையில் மாண்ட குடும்பப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று போற்றி, நீர்நிலையிலிருந்து அழைத்து வந்து வீட்டில் வைத்துப் படையலிடும் வழக்கம் உள்ளது. நம் பகுதியிலும் கிணற்றுமேட்டிலும் குளக்கரையிலும் ஏழு கற்களை நட்டுக் கன்னிமாராக வணங்கி வருகிறோம். கன்னிமார் ஏழு தாயரின் வழிவந்த தெய்வங்கள் எனினும், இளம்பெண்களின் இறப்பு நினைவும் ஆங்காங்கே அவ்வழிபாட்டில் கலந்திருக்கக் கூடும்.

இவற்றை எல்லாம் ஒருங்கே வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். பழிவாங்கும் வேட்கை மாண்டவரிடம் தோன்றியதன்று. வாழ்வோர் நெஞ்சின் குற்றவுணர்வே ஆவியுருக் கொண்டது. கணவன் வீட்டுக் கொடுமையால் கிணற்றில் விழுந்தவளைப் பற்றி "கால் தவறி விழுந்தாள்" என்று ஊர் சொல்லும். உண்மை அறிந்த அதே ஊர், அந்திக்குப் பின் அக்கிணற்றுப் பக்கம் போக அஞ்சும். கிணறு காவு கேட்டது என்னும்போது காவு கொடுத்தவர் யார் என்னும் வினா மறைந்து போகிறது. தெய்வமாக்கி வணங்குதலும் சில வேளை அவ்வினாவை மூடும் திரையே. எனினும் அத்திரையில் ஒரு கிழிசல் உண்டு. வணங்குமிடம் இருக்கும்வரை "இவள் ஏன் மாண்டாள்?" என்று கேட்க ஒரு குழந்தையேனும் இருக்கும்.

இன்று கவலைகள் மறைந்தன. ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் கிணறுகள் வறண்டன. பல மண்ணிட்டு மூடப்பட்டு மனைகளாகிவிட்டன. கிணறு போனதோடு அச்சமும் போயிற்று. அச்சத்தோடு நினைவும் போய்க்கொண்டிருக்கிறது. கல்வெட்டிலும் இடம்பெறாத, நடுகல்லும் பெறாத பெண்களின் ஒரே வரலாற்றுச் சான்று, பாட்டிமார் சொன்ன அந்தப் பேய்க்கதைகள்தாம்.

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை வளர்க்கும் நம் வட்டத்தார்க்கு இங்கே ஒரு கடமை காத்திருக்கிறது. மருதியின் பெயரைப் பரணர் காத்தார். நன்னன் கொன்ற பெண்ணின் பெயரை அவரும் நமக்குச் சொல்லவில்லை; கொன்றவன் பெயரே நின்றது. அடுத்த பத்தாண்டில் நம் அன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் மூடுண்ட ஒரு கிணற்றைப் பற்றியேனும் முதியோரிடம் கேட்டறிந்து எழுதி வைப்பாராக. பேயின் கதையைக் கேட்கும்போது, அவள் பெயரையும் கேட்க மறவாதிருப்போம்.