மரத்தில் அமர்ந்த இரும்பு

மண்வெட்டியின் காம்பு ஆடினால் வெட்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கவ்வாத்துக் கத்தியின் பிடி தளர்ந்தாலும் அப்படித்தான். இரும்பு எவ்வளவு கூராக இருந்தாலும், அது மரத்தில் இறுகி அமர்ந்தால்தான் கை நினைத்த இடத்தில் வேலை நடக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்பாக்கிக்கும் இதே உண்மைதான். ஒரு காலத்தில் நம் தோட்டங்களைச் சுற்றி நின்ற துப்பாக்கிகளின் வரலாற்றில் அது எப்படி வெளிப்பட்டது என்பதை இன்று பார்ப்போம்.

1948 ஜூன் 16ஆம் நாள் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதமே மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிந்தது 1960 ஜூலை 31ஆம் நாள். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டங்களுக்குக் காவல் போடப்பட்டது. பல இடங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. சிறப்புக் காவலர்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டுத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அக்காலத்தில் படையினரும் காவலர்களும் பெரிதும் ஏந்தியது லீ என்பீல்டு என்னும் பிரிட்டிஷ் துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியில் முக்கியமான பகுதிகள் மூன்று. குண்டு வெளியேறும் குழல் ஒன்று. தோட்டாவைத் தாங்கிப் பூட்டும் இரும்புக் கூடு மற்றொன்று. இதை ஆக்‌ஷன் என்பார்கள். இவ்விரண்டையும் ஏந்தி நிற்கும் மரக்கட்டை மூன்றாவது. தோட்டா வெடிக்கும்போது இரும்பு பின்னோக்கி உதைக்கிறது. குழலோ, தட்டிய கம்பிபோல் அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக உதைத்து, ஒரே விதமாக அதிர்ந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் போய்ச் சேரும். இரும்பு கட்டைக்குள் சிறிது நகர்ந்து அமர்ந்தாலோ, அடுத்த குண்டு வேறு வழியே போய்விடும். ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் சாய்வு ஏற்பட்டால், நூறு மீட்டர் தொலைவில் குண்டு பத்துச் சென்டிமீட்டர் விலகும். இது எளிய கணக்கு.

ஆகவே இரும்பைக் கட்டையில் பொருத்துவது தனிக் கைத்தொழிலாக வளர்ந்தது. கைவினைஞர் இரும்பின் அடியில் விளக்குக் கரியைப் பூசிக் கட்டைக்குள் வைத்து எடுப்பார். கரி ஒட்டிய இடமே மேடு. அந்த இடத்தை மட்டும் மெல்லச் சுரண்டுவார். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். எல்லா இடமும் சமமாக ஒட்டும்வரை இந்த வேலை தொடரும். லீ என்பீல்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் பழைய வகையில், முன்கட்டையின் நுனியருகே சிறு வில் ஒன்று குழலை மேல்நோக்கி அழுத்தி நிற்கும். குழல் கண்டபடி அதிராமல் காப்பது அதன் வேலை.

ஆனால் மரம் மாறாத பொருளன்று. ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே செயல்தான். இங்கிலாந்தில் வால்நட் மரத்தைப் பயன்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையில் உள்நாட்டு மரங்களைக் கொண்டு கட்டை செய்தார்கள். உதைப்பைத் தாங்கும் இடத்தில் மரம் நசுங்காமல் இருக்க, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே செப்புத் தகடுகளைப் பதித்தார்கள். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த துப்பாக்கிகளில், முன்கட்டை பிளக்காதபடி குறுக்கே ஒரு திருகாணி முடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நாட்டுக்கு நாடு மரம் வேறு, தொல்லை ஒன்றுதான்.

காட்டுப் போருக்கென 1944இல் பிரிட்டன் ஐந்தாம் எண் லீ என்பீல்டைக் கொண்டுவந்தது. 'காட்டுத் துப்பாக்கி' என்றே அது பெயர் பெற்றது. முந்தைய வகையைவிட நீளத்தில் ஏறக்குறைய 5 அங்குலமும் எடையில் ஏறக்குறைய 2 பவுண்டும் குறைவு. குழலும் முன்கட்டையும் குட்டையாயின. இரும்புக் கூட்டிலும் எடை குறையச் செதுக்கினார்கள். தூக்கி நடக்க எளிது. ஆனால் ஒரு குறை சொல்லப்பட்டது. இன்று நேராகச் சரிசெய்த குறி சில நாளில் தானே விலகிவிடுகிறது என்றார்கள். 'அலையும் குறி' என்று அதற்குப் பெயர். செதுக்கப்பட்ட இரும்பு வெடிப்பின்போது வளைகிறது என்பது ஒரு விளக்கம். குட்டையான கட்டையில் இரும்பு சீராக அமரவில்லை என்பது மற்றொரு விளக்கம். குறையை மிகைப்படுத்தினார்கள் என்பாரும் உண்டு. எப்படியிருப்பினும், 1947இல் அதன் உற்பத்தி நின்றது. ஆனால் செய்து முடித்த துப்பாக்கிகள் அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் பரவலாகப் பயன்பட்டன.

கேமரன் மலையை எண்ணிப் பாருங்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. மழையும் மூடுபனியும் மரத்தை உலரவிடா. இத்தகைய ஈரத்தில் கட்டை ஊதிக் குறி விலகினால், அதைச் சுடுபவன் அறியமாட்டான். தவறிய குண்டுக்கு வேலிக்கு உள்ளே இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்று தெரியாது. வேலிக்கு இருபுறமும் வேலைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பின்னர் வந்தவர்கள் வேறு வழிகளைக் கண்டார்கள். இரும்புக்கும் மரத்துக்கும் இடையே எப்பாக்சிப் பிசினை ஊற்றி, இரும்பின் வடிவத்துக்கே இறுகச் செய்தார்கள். ஈரத்தில் ஊதாத பிளாஸ்டிக் கட்டைகளும் வந்தன. குழல் கட்டையைத் தொடாமலே நிற்கும்படியும் அமைத்தார்கள். வழிகள் மாறினாலும் நோக்கம் ஒன்றே: இரும்பு ஒவ்வொரு முறையும் தன் பழைய இடத்திலேயே அமரவேண்டும்.

வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயர்களைச் சொல்கின்றன. கரி பூசிக் கட்டையைச் சுரண்டிய தொழிலாளியின் பெயரைச் சொல்வதில்லை. அவர் கையில் ஒரு மயிரிழை பிசகினால், ஆயிரம் கல் தொலைவில் யாரோ ஒருவருக்கு ஆபத்து. அந்தக் கையின் பொறுப்பை, நாள்தோறும் கருவி பிடிக்கும் நீங்கள் நன்கு உணர்வீர்கள்.