கோட்டைக்கு உள்ளே, பல்லக்குக்கு வெளியே

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெங்களூரில் லேப்டாப்பை மூடிவிட்டு ரயில் ஏறினால், ராத்திரி சாப்பாட்டுக்கு ஆம்பூர் வந்துவிடலாம். இந்தப் பக்கத்திலேயே, எதிர்த்திசையில், 1800 மார்ச்சில் ஒரு பெண்மணி பயணம் போனார். சென்னையில் கிளம்பி, வேலூர் வழியாக மைசூர்ச் சீமைக்கு. பெயர் ஹென்றியெட்டா கிளைவ். வயது 41.

ஆமாம், அந்த கிளைவ் குடும்பம்தான். 1751இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவின் மருமகள். ஹென்றியெட்டா பிறந்த வீடு பழைய பிரபு வம்சம். கிளைவ் வீட்டில் இந்தியாவில் சேர்த்த புதுப்பணம் இருந்தது, ஹெர்பர்ட் வீட்டில் பழைய பெயர் இருந்தது. 1784இல் இரண்டும் சேர்ந்தன. கணவர் எட்வர்ட் 1798இல் சென்னை கவர்னராக வந்தபோது ஹென்றியெட்டாவும் இரண்டு மகள்களோடு வந்தார். இங்கே பாரசீகம் கற்றுக்கொண்டார், கிளிஞ்சல், கல், செடி என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்தார். அவருடைய கனிமத் தொகுப்பு இன்றைக்கும் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தார். பத்தே மாதத்தில் ஹென்றியெட்டா அந்த ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். கணவர் கூட வரவில்லை. மகள்கள், இத்தாலிய ஓவியர் அன்னா டொனெல்லி, நூற்றுக்கணக்கான ஆட்கள், யானைகள், காளைகள். ஏழு மாதம், ஆயிரம் மைலுக்கு மேல். வழியெல்லாம் கடிதமும் நாட்குறிப்பும் எழுதினார். மகள் சார்லட்டுக்கு அப்போது 12 வயது. அவளும் தனியாக ஒரு நாட்குறிப்பு எழுதினாள். பின்னாளில் விக்டோரியா இளவரசிக்கு ஆசிரியையானது அவள்தான். கிளைவியா என்ற பூச்செடிக்கு அந்தப் பெயர் வந்ததும் அவளால்தான்.

ஹென்றியெட்டா எழுதியது எதுவும் அவர் காலத்தில் புத்தகமாகவில்லை. நான்சி ஷீல்ட்ஸ் தொகுத்து 2009இல்தான் வந்தது. அதுவரைக்கும் அந்தக் காகிதங்கள் எப்படித் தப்பித்தன? பெரிய ரகசியம் எதுவுமில்லை. கோட்டை வீடு, பூட்டுப்போட்ட அலமாரி, பாட்டியின் கையெழுத்தை மதிக்கிற வாரிசுகள். என் தொழில் பாஷையில் சொன்னால், பேக்கப் சரியாக இருந்தது. அதே குடும்பத்தின் பொவிஸ் கோட்டையில்தான் திப்புவின் கூடாரமும் இருக்கிறது. கடிதம் ஒருவர் எழுதியது, கூடாரம் இன்னொருவருடையது. பத்திரப்படுத்திய வீடு ஒன்றுதான்.

அந்தப் பயணத்தின்போது வேலூர்க் கோட்டையில் திப்புவின் மகன்கள் காவலில் இருந்தார்கள். பிறகு அரண்மனைப் பெண்களும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 1806 ஜூலை 9இல் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு ஒரு பக்கம். புதுத் தலைப்பாகையில் தோல் சின்னம் இன்னொரு பக்கம். அந்தத் தோல் மாட்டினுடையதா, பன்றியினுடையதா என்ற சந்தேகம் பற்றி எரிந்தது. தோலை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரனாகிய எனக்கு இந்த இடத்தைச் சும்மா தாண்டிப்போக முடிவதில்லை.

கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். அவர் மனைவி அமீலியா குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்தார், அந்த ராத்திரியை எழுதியும் வைத்தார். அதே ராத்திரியைக் கல்யாணப் பெண் சொல்லி நான் எங்கேயும் படித்ததில்லை. இரண்டு பெண்களுக்கும் கேட்டது ஒரே துப்பாக்கிச் சத்தம்தான். கலகத்துக்குப் பிறகு திப்பு குடும்பத்தில் பலரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலூரில் மிச்சமிருப்பது கோட்டைக்கு வெளியே சில கல்லறைகள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மேல்தோல் தைத்தவர். அவர் தைத்த ஷூக்கள் இங்கிலாந்துக்கும் போயிருக்கின்றன. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “பல்லக்கு தூக்குனவன் பேரு ஒண்ணாவது எழுதியிருக்காளாடா அந்தம்மா?”

கேள்வி ஹென்றியெட்டாவுக்கானது என்று சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் நோட்டுகள் இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி என்று கணக்கு. ஓரத்தில், பஸ் வரவில்லை, பாலாற்றில் தண்ணீர் வந்தது, மணிக்கு ஜுரம் என்று ஒற்றை வரிகள். மணி நான்தான். ஏழெட்டு நோட்டு இருக்கும். வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டது யாரோ அல்ல, நான்தான். பிரபு வீட்டுக் காகிதம் பிழைத்தது, நம்முடையது பிழைக்கவில்லை என்று வரலாற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன்.

மறுநாள் பரண் முழுக்கத் தேடினோம். கேஸ் புத்தகத்தோடு சேர்ந்து ஒரே ஒரு நோட்டு கிடைத்தது. “இதுல என்னாடா இருக்கு, வெறும் கணக்கு” என்றார் அம்மா. நாற்பத்தாறு பக்கம். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மூன்று இடத்தில் சேமித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. எழுதச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நிதானமாக எழுதினார்.