மூச்சுப் பயிற்சியும் உலோகத் தொழிலாளர் சங்கமும்

'லமாஸ் கிளாஸ்' என்றதும் நம்மாட்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? யோகா மேட், பெரிய ரப்பர் பந்து, மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சை எண்ணும் ஐடி கணவன். நானும் அப்படி உட்கார்ந்து எண்ணியவன்தான். வகுப்பு ஞாயிறு காலையில் நடக்கும். ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் யாரும் அங்கே கிடையாது. ஆனால் அந்த மூச்சுப் பயிற்சி உலகத்துக்குத் தெரியவந்ததே தொழிற்சாலைக்காரர்களின் ஆஸ்பத்திரியில்தான்.

ஃபெர்னான் லமாஸ் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர். அறுபதை ஒட்டிய வயதில், 1951-ல் சோவியத் யூனியன் போனவர், லெனின்கிராடில் ஒரு பெண் கத்தாமல், பதறாமல் பிள்ளை பெறுவதை மணிக்கணக்கில் நின்று பார்த்தார். பாவ்லோவின் அனிச்சைச் செயல் ஆராய்ச்சியிலிருந்து எடுத்த முறை அது. பிரசவம் என்றாலே வலி என்று சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு மனம் பழகிவிடுகிறது. உடம்புக்குள் எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே பாடம் நடத்தி, ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு மூச்சைப் பழக்கினால் அந்தப் பயத்தை மாற்றலாம் என்பது கணக்கு. (இங்கிலாந்தின் டிக்-ரீட் 1933-லேயே பயம் இறுக்கத்தைத் தரும், இறுக்கம் வலியைத் தரும் என்று எழுதியிருந்தார். அவர் அரசியல் வேறு.)

திரும்பி வந்த லமாஸ் இதைத் தொடங்கிய இடம் பாரிஸ் ப்ளுயே தெரு மருத்துவமனை. நடத்தியது சி.ஜி.டி.யின் உலோகத் தொழிலாளர் சங்கம். 1952-லிருந்து அங்கே தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். கணவர்களும் கூட இருக்கலாம், அதுவும் அந்தக் காலத்தில்! சி.ஜி.டி. பலமாக இருந்த ஆலைகளில் ஒன்று பில்லன்கூர் ரெனால்ட். அதே பெயரில், நிசானோடு சேர்ந்து, 2010-ல் ஒரகடத்தில் ஆலை திறந்தது. கார் வந்தது. வகுப்பு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

பாரிஸில் லமாஸிடம் பிள்ளை பெற்ற அமெரிக்கப் பெண் மார்ஜரி கார்மெல் 1959-ல் புத்தகம் எழுதினார். மறுவருடம் எலிசபெத் பிங்கோடு சேர்ந்து அமைப்பு தொடங்கினார். அங்கே அது நடுத்தர வர்க்கத் தம்பதிகளின் விஷயமாகிப்போச்சு. நமக்கு வந்து சேர்ந்தது அந்தப் பதிப்பு.

நம் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அங்கன்வாடி வழியாக நடக்கும் சமுதாய வளைகாப்பில் வளையலும் ஐந்து வகைச் சாதமும் கொடுத்து, பேறுகாலம் பற்றியும் பேசுகிறார்கள். ஒருவிதத்தில் அதுவும் வகுப்புதான், ஆனால் அது அம்மாக்களுக்கானது. அரசு மருத்துவமனை லேபர் வார்டில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று தமிழ்நாடு 2004-லேயே அனுமதித்தது, பெரிய விஷயம். 2016-ல் மத்திய அரசும் அதையே சொன்னது. மறைவிடம் இருக்கிற இடத்தில் கணவனும் வரலாம் என்றது. வரிசையாகக் கட்டில் கிடக்கும் வார்டில் மறைவுக்கு எங்கே போவது?

அதோடு, தலைப்பிரசவம் அம்மா வீட்டில். திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ அவளுக்கு வலி எடுக்கும்போது இவன் ஒரகடத்தில் லைனில் நிற்பான். 2017 திருத்தம் தாய்க்கு 26 வார விடுப்பு தந்தது. தந்தைக்கு அந்தச் சட்டத்தில் ஒருநாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. இவனுக்கு இருப்பது சூப்பர்வைசரின் மனசு.